பல் ஒயிட்னிங்குக்குப் பிறகு வரும் கூச்சம்: முன்கூட்டியே தடுக்க வழி உண்டா?

நிலாமுற்றம்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கிளினிக்கில் ஒயிட்னிங் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். பல வருட ஆசை. இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் கூச்சம்தான். சாதாரணமாகவே ஐஸ் தண்ணீர் பட்டால் மேல் கோரைப்பற்கள் இரண்டும் சுரீர் என்று கூசும். பிரஷ் பண்ணும்போது ஈறு ஓரத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பட்டுவிட்டால் உடம்பே தூக்கிப்போடும்.

என் அக்கா போன வருடம் செய்துகொண்டாள். பல் அழகாகத்தான் வந்தது. ஆனால் அன்று ராத்திரி காற்றுப் பட்டால்கூடத் தாங்கவில்லை என்று உதட்டை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து பயம்.

செய்து முடித்த பிறகு எந்த பேஸ்ட் போட்டால் கூச்சம் வராது? போவதற்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? லைட் வைத்துச் செய்வது, வைக்காமல் செய்வது, இதில் எது தேவலை? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

மழைக்காதலன்

சகோ, உங்க அக்கா சொன்னது அப்படியே உண்மை. நானும் பட்டிருக்கேன். ஒரே உட்காரல்ல மூணு ரவுண்டு வெளுக்க வைக்கற ஜெல், ஒவ்வொரு ரவுண்டுக்கும் மேல லைட். நாற்காலியில இருந்தவரைக்கும் பெருசா ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்து சாயங்காலத்துக்கு மேல ஆரம்பிச்சது.

நான் நினைச்சது, குளிர்ச்சியா எதையாவது குடிச்சாத்தான் கூசும்னு. அப்படி இல்ல. எதுவுமே சாப்பிடாம, பேசாம, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கீழ் முன்பல்லு ஒண்ணுல பளீர்னு வெட்டும். ஒரு நொடிதான், நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துப் பல்லுல. எப்ப வரும்னு தெரியாததுதான் கொடுமை. தூக்கம் போச்சு. மறுநாள் மத்தியானத்துக்கு மேல தானா அடங்குச்சு.

எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் எதுல தெரியுமா? உங்களுக்கு ஏற்கெனவே கூச்சம் உண்டான்னு அங்க ஒருத்தரும் கேட்கல. இப்படி வரலாம்னு ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல. சொல்லியிருந்தா பாதி பயம் குறைஞ்சிருக்கும்.

பல்மருத்துவர் தென்றல்

நிலாமுற்றம், செய்து முடித்த பிறகு எந்த பேஸ்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை அப்படியே இரண்டு வாரம் முன்னுக்கு நகர்த்துங்கள். ஒயிட்னிங் கூச்சத்தைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி, ஜெல் பல்லில் படுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பட்ட பிறகு செய்வதெல்லாம் தணிப்பதற்குத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பல்லை வெளுக்க வைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. பல்லின் கடினமான வெளி அடுக்கான எனாமலையும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டினையும் ஊடுருவி, நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழை அது நிமிடக் கணக்கில் எட்டிவிடுகிறது. எனாமலைத் தேய்த்து மெல்லிசாக்கி வெள்ளையாக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. உள்ளே இருக்கும் நிறப்பொருளை உடைத்து நிறத்தை மாற்றுகிறது. உள்ளே போனால்தான் வேலை நடக்கும். உள்ளே போவதால்தான் கூச்சமும் வருகிறது.

சாதாரணக் கூச்சம் வேறு வகை. டென்டினில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உண்டு. அவற்றில் திரவம் இருக்கிறது. ஈறு இறங்கியோ பல் தேய்ந்தோ குழாய்வாய் திறந்துகிடந்தால், குளிர்ச்சியோ காற்றோ பட்டதும் அந்தத் திரவம் நகர்ந்து நரம்பைத் தூண்டும். சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் விரிவாக நிறுவிய விளக்கம் இது. ஒயிட்னிங்கில் இதுவும் உண்டு. ஆனால் அதோடு பெராக்சைடு நேராகப் பற்கூழுக்குப் போய் அங்கே தற்காலிக அழற்சியையும் உண்டாக்குகிறது. மழைக்காதலன் சொன்ன, காரணமே இல்லாமல் வெட்டும் வலி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும், அடுத்த ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

இதற்கு முன்கூட்டியே வேலை செய்யும் மருந்து பொட்டாசியம் நைட்ரேட். 5 சதவீதம் உள்ள பேஸ்ட்டுகள் எங்கும் கிடைக்கும். பொட்டாசியம் அயனி நுண்குழாய் வழியே நரம்பு முனையை அடைந்து, அது திரும்பத் திரும்பச் சமிக்ஞை அனுப்பவிடாமல் அமைதிப்படுத்துகிறது. 1974-ல் ஹோடோஷ் என்ற பல் மருத்துவர் இதைப் பற்றி எழுதியபின் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஒரு நாள் தேய்த்தால் பலன் தெரியாது. காலையும் இரவும் விடாமல் இரண்டு வாரம் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டு மடமடவென்று கொப்பளிக்காமல் இருந்தால் மருந்து கொஞ்ச நேரம் தங்கும்.

இன்னொன்று. ஈறு ஓரத்தில் ஒரே இடம் கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வேர் வெளியே தெரிகிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஜெல் வைக்கவே கூடாது. முதலில் பரிசோதனை. தேதி குறிப்பதெல்லாம் அப்புறம்.

கதிர்_77

இவ்வளவு செலவும் வலியும் எதுக்கு? எலுமிச்சைச் சாறுல சமையல் சோடா கலந்து வாரம் ரெண்டு தடவை தேய்ச்சா போதும். கரிப்பொடியும் நல்லா வேலை செய்யுது. இயற்கை முறையில கூச்சம் வராது.

செம்பருத்தி

கதிர் தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதை அப்படியே விட்டுட்டுப் போக முடியல. நான் பல் கிளினிக்ல உதவியாளரா இருக்கேன். எலுமிச்சை தேய்ச்சுட்டு வர்ற பற்களைக் கிட்டத்துல பார்த்திருக்கேன். முன்பல்லோட விளிம்பு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். மேற்பரப்பு வழவழன்னு இருக்கும், பல்லோட இயல்பான வரிகள் அழிஞ்சிருக்கும். அது வெண்மை இல்ல தம்பி, எனாமல் கரையுறது. எலுமிச்சையில இருக்கறது சிட்ரிக் அமிலம். எனாமல் கரைஞ்சா உள்ள இருக்கற மஞ்சள் டென்டின்தான் இன்னும் பளிச்சுன்னு தெரியும். அதாவது நாளாக நாளாகப் பல்லு முன்னைவிட மஞ்சளாத்தான் போகும், கூச்சமும் கூடவே வரும்.

கரிப்பொடி வெளிக்கறையைத் தேய்ச்சு எடுக்கும், பல்லோட உள்நிறத்தைத் தொடாது. சொரசொரப்பான பொடியை வெச்சு ஈறு ஓரத்துல அழுத்தித் தேய்ச்சா அங்கதான் பள்ளம் விழும். ஒயிட்னிங் செய்யப் போறவங்க அதுக்கு முன்னாடி இதையெல்லாம் தேய்ச்சுட்டு வந்தா, கூச்சத்துக்கு வாசல் திறந்து வெச்சுட்டு வர்ற மாதிரிதான்.

கதிர்_77

சரிங்க அக்கா, கோவம் ஒண்ணும் இல்ல. எலுமிச்சை விஷயம் எனக்குத் தெரியாது. நிறுத்திக்கறேன். பல்லு விளிம்பு ஏற்கெனவே அப்படி ஆயிருச்சான்னு கண்ணாடியில பார்த்தாத் தெரியுமா?

செம்பருத்தி

நல்ல வெளிச்சத்துல, முன்பல்லுக்குப் பின்னாடி விரல் நுனியை வெச்சுப் பாருங்க. விளிம்புல விரல் நிழலாத் தெரிஞ்சா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. சில பேருக்குப் பிறவியிலயே விளிம்பு அப்படித்தான் இருக்கும், அதனால பார்த்தவுடனே பயந்துடாதீங்க.

வேதிப்பித்தன்

நான் வேதியியல் ஆசிரியன், பல் மருத்துவன் அல்லன். ஆனால் எண்களில் ஒரு குழப்பம் பலருக்கும் இருக்கிறது, அதைத் தெளிவுபடுத்துகிறேன். கூச்சத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

ஜெல்லில் இரண்டு வகை. ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடாகவே இருப்பது. இன்னொன்று கார்பமைடு பெராக்சைடு. இது வாயில் பிரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் யூரியாவுமாகிறது. 10 சதவீத கார்பமைடு என்று எழுதியிருந்தால் அதில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான். கிளினிக்கில் ஒரே அமர்வில் வைப்பது பொதுவாக 25 முதல் 40 சதவீதம் வரையிலான ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆக, பெட்டியில் 35 என்று போட்டிருப்பதைப் பார்த்தால் அது எந்தப் பொருளின் 35 என்று கேட்க வேண்டும். கார்பமைடு 35 என்றால் பெராக்சைடு கணக்கில் ஏறத்தாழ 12 சதவீதம். ஹைட்ரஜன் பெராக்சைடு 35 என்றால் அது 35-தான். மூன்று மடங்கு வித்தியாசம்.

வேகமும் வேறு. ஹைட்ரஜன் பெராக்சைடு சீக்கிரம் செயல்பட்டுத் தீர்ந்துவிடும். கார்பமைடு மெதுவாக விடுவிக்கும். 10 சதவீத ஜெல்லை ட்ரேயில் (பல்வரிசையின் அளவுக்குச் செய்து வீட்டில் மாட்டிக்கொள்ளும் உறை) வைத்தால் 2 மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் செயலில் இருக்கும், 10 மணி நேரத்தில் சுமார் 10 சதவீதம் மிஞ்சும்.

அமிலத்தன்மையையும் கேளுங்கள். சில ஜெல்கள் கெடாமல் இருப்பதற்காக அமிலமாகத் தயாரிக்கப்படுகின்றன. நடுநிலையாகவோ காரமாகவோ இருக்கும் ஜெல் கூச்சத்துக்கு நல்லது என்றுதான் நான் படித்தவரை பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. டாக்டர் திருத்தட்டும்.

பல்மருத்துவர் தென்றல்

திருத்த ஒன்றும் இல்லை ஐயா. பிஎச், அதாவது அமில, கார அளவு பற்றி நோயாளிகள் யாரும் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.

மழைக்காதலன்

டாக்டர், எனக்கு வலிச்சது எல்லாமே கீழ் முன்பல்லுதான். மேல் பல்லுல அவ்வளவா இல்ல. அது ஏன்? லைட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பல்மருத்துவர் தென்றல்

கீழ் முன்வெட்டுப்பற்கள் வாயிலேயே மிகச் சிறியவை. எனாமலும் டென்டினும் மெல்லியவை. ஜெல்லுக்கும் பற்கூழுக்கும் நடுவே உள்ள தூரம் அங்கேதான் குறைவு. வேறு காரணத்துக்காகப் பிடுங்கவிருந்த பற்களில் 38 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை 45 நிமிடம் வைத்து, பிறகு பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். கீழ் வெட்டுப்பற்களின் பற்கூழில் ஒரு பகுதி மடிந்துபோயிருந்தது. அதே ஜெல், அதே நேரம் வைத்த முன்கடைவாய்ப்பற்களில் அப்படி இல்லை. இதைப் படித்த பிறகும் எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம் என்று வைப்பவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கீழ்ப்பற்களுக்கு நேரத்தைக் குறைத்தாக வேண்டும்.

லைட் விஷயம். ஒளியும் சூடும் பெராக்சைடைச் சீக்கிரம் உடைக்கும் என்பது சரி. ஆனால் ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால் லைட் வைத்த பல்லுக்கும் வைக்காத பல்லுக்கும் நிறத்தில் சொல்லும்படி வித்தியாசம் பொதுவாக இருப்பதில்லை. கூச்சம்தான் கூடுகிறது. பற்கூழ் சூடு தாங்காது. 1965-ல் ஸாக், கோஹன் இருவரும் குரங்குகளில் செய்த ஆய்வில், பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோதே ஏறக்குறைய 15 சதவீதப் பற்கள் மீளவில்லை. இன்றைய எல்இடி விளக்குகள் பழைய விளக்குகள் அளவுக்குச் சூடாக்குவதில்லை. ஆனாலும் ஏற்கெனவே கூச்சம் உள்ள ஒருவருக்கு நான் லைட் வைக்க மாட்டேன். வேண்டாம் என்று நோயாளியே சொல்லலாம், அதற்கு உரிமை உண்டு.

பறவைக்கூடு

நான் கொஞ்சம் மாற்றுக்கருத்து. கிளினிக்கில் செய்வதை எல்லாரும் பூதாகரமாக்குகிறீர்கள். அங்கே ஈறுக்குத் தடுப்பு போடுகிறார்கள், நேரத்தைக் கவனிக்கிறார்கள், வலித்தால் உடனே ஜெல்லை எடுக்கிறார்கள். வீட்டில் ட்ரே கொடுத்தால் என்ன நடக்கும்? சீக்கிரம் வெளுக்கட்டும் என்று அளவுக்கு மேல் ஜெல் நிரப்பி, சொன்னதைவிட அதிக நேரம் வைப்பார்கள். என் நண்பனுக்கு அப்படித்தான் ஈறெல்லாம் வெந்துபோனது. கொஞ்சம் வலி வந்தால்தான் உள்ளே வேலை நடக்கிறது என்றும் அர்த்தம். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கருவேலம்

பறவைக்கூடு சொல்றதுல பாதி நியாயம், பாதி இல்லை. ட்ரேயைத் தப்பா உபயோகிச்சா ஈறு வேகும், உண்மை. ஆனா வலி வந்தாத்தான் வேலை நடக்குதுங்கறது சரியில்லை. எனக்கு ட்ரே முறையில கூச்சம் பேருக்குத்தான் இருந்தது. பல்லு நல்லாவே வெளுத்தது, இன்னிக்கும் அப்படியே இருக்கு.

ட்ரே முறை புதுசும் இல்லை. 1989-ல ஹேவுட், ஹேமன்னு ரெண்டு பேர் 10 சதவீத கார்பமைடை ராத்திரி ட்ரேயில வெச்சுச் செய்யற முறையை எழுதினாங்க. அப்போலேர்ந்து உலகம் முழுக்க நடக்குது. மெதுவாத்தான் வேலை நடக்கும், ரெண்டு மூணு வாரம் ஆகும். எங்களை மாதிரி கூச்சக்காரங்களுக்கு அந்த மெதுவே வசதி.

நான் எப்படிச் செஞ்சேன்னு சொல்றேன், நிலாமுற்றத்துக்கு உதவும். என் டாக்டர் அளவெடுத்துச் செஞ்ச ட்ரேயைக் கையில கொடுத்து, விளிம்பை விரலால தடவிப் பார்க்கச் சொன்னாங்க. ஒரு இடத்துல ஈறுல ஏறி அழுத்துச்சு. அங்கேயே சின்னக் கத்தரிக்கோலால நறுக்கி, விளிம்பை வழவழப்பாக்கிக் கொடுத்தாங்க. ட்ரே அழுத்தினாலே பல்லு கூசும், அதுக்கு ஜெல் மேல பழி போட்டுடுவோம்னு சொன்னாங்க. அப்புறம் முதல் ரெண்டு ராத்திரி ஜெல்லே இல்லாம வெறும் ட்ரேயை மட்டும் மாட்டிக்கிட்டுப் படுக்கச் சொன்னாங்க. அது பழகின பிறகுதான் ஜெல்.

ஜெல் ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்கச் சுவர்ல ஒரு சின்னத் துளி. மாட்டினதும் ஈறு மேல வழிஞ்சா அது அதிகம்னு அர்த்தம், உடனே மென்மையான பிரஷ்ஷாலயோ சுத்தமான துணியாலயோ துடைச்சிடணும். லேசாக் கூசுற மாதிரி தெரிஞ்சா மறுநாள் விடுமுறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெச்சாலும் முடிவு ஒண்ணுதான், நாள்தான் கூடும். ராத்திரி முழுக்க வைக்கணும்கற கட்டாயமும் இல்லை. வேதிப்பித்தன் ஐயா சொன்ன கணக்குப்படி ரெண்டு மணி நேரத்துலயே கணிசமான வேலை முடிஞ்சிடுது.

விடுமுறை நாள்ல அதே ட்ரேயில பொட்டாசியம் நைட்ரேட் ஜெல் வெச்சு 10 நிமிஷத்திலேர்ந்து அரை மணி நேரம் வரைக்கும் வைக்கலாம். எனக்கு ரொம்பக் கைகொடுத்தது இதுதான்.

பல்மருத்துவர் தென்றல்

கருவேலம் ஐயா எழுதியதை என் நோயாளிகளுக்கு அப்படியே அச்செடுத்துக் கொடுக்கலாம். ஒரு சேர்க்கை மட்டும்: ட்ரேயில் வைப்பதற்கென்று இருக்கும் ஜெல்லைப் பயன்படுத்துவது நல்லது. பேஸ்ட்டை வைப்பதானால் நுரைப்பான் இல்லாத பேஸ்ட்டாகப் பாருங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பான் உள்ள பேஸ்ட் அரை மணி நேரம் ஈறில் படிந்திருந்தால் சிலருக்கு எரிச்சலும் புண்ணும் வரும்.

பறவைக்கூடு, ஈறுப் பாதுகாப்பு பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பல்லில் கூச்சமே இல்லாத, ஈறு இறங்காத ஒருவருக்குக் கிளினிக் முறை நல்ல தேர்வாகவே இருக்கலாம். ஆனால் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. அதிகம் வலித்தவருக்கு அதிகம் வெளுக்கும் என்ற நியதி இல்லை. நாற்காலியில் இருக்கும்போதே வலி தெரிந்தால் கையை உயர்த்துங்கள். ஜெல்லை எடுத்துவிட்டு இன்னொரு நாள் தொடரலாம். மிச்சம் இருக்கும் ரவுண்டை முடித்தே தீர வேண்டும் என்று எந்த மருத்துவக் காரணமும் இல்லை. இரண்டு அமர்வுக்கு நடுவே ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

பறவைக்கூடு

சரி டாக்டர், பொறுத்துக்கொள்ளச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சந்தேகம். கூச்சப் பேஸ்ட்டில் பொட்டாசியம் மட்டுமா இருக்கிறது? ஆர்ஜினின், ஸ்டானஸ் ஃப்ளோரைடு, ஹைட்ராக்ஸிஅபடைட் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறதே. எதை வாங்குவது?

பல்மருத்துவர் தென்றல்

நீங்கள் சொன்ன மூன்றும் நுண்குழாய் வாயை அடைக்கும் வகை. பொட்டாசியம் நரம்பை அமைதிப்படுத்தும் வகை. ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றால் அடைக்கும் வகை நன்றாகவே உதவும். பெராக்சைடு அந்த அடைப்பையும் மீறி ஊடுருவக்கூடியது. அதனால் ஒயிட்னிங்குக்காக என்று கேட்டால் என் முதல் தேர்வு பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் சேர்ந்த பேஸ்ட்தான். இதைத் தேய்த்தால் வெளுப்பு குறையுமோ என்று கேட்பார்கள், குறையாது.

பாலிலிருந்து எடுக்கும் கேசீன் சேர்ந்த கிரீம்களும் உண்டு. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது.

பேஸ்ட் பெட்டியில் ஒயிட்னிங் என்று பெரிதாக எழுதியிருப்பதை ஒயிட்னிங் நடக்கும் காலத்தில் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பல பல்லைத் தேய்க்கும் தன்மை அதிகமுள்ளவை.

செம்பருத்தி

கிளினிக்ல செய்யற நாள் பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன்.

வாயை விரிச்சுப் பிடிக்கற கருவி மாட்டினதும் பல்லு காய ஆரம்பிச்சிடும். எச்சில் படாது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தா பல்லுல இருக்கற ஈரம் வெளியேறும். காய்ஞ்ச பல்லு கூடுதல் வெள்ளையாத் தெரியும், அதான் அன்னிக்கு எடுக்கற போட்டோ அவ்வளவு பிரமாதமா இருக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல ஈரம் திரும்பினதும் நிறம் கொஞ்சம் இறங்கும். நிறைய பேர் இதைப் பார்த்துட்டு ‘வெளுத்தது போயிடுச்சு’ன்னு பதறி, அதே வாரம் இன்னொரு தடவை வைக்கச் சொல்லி வந்து நிப்பாங்க. கூச்சம் அடங்காத பல்லுல மறுபடியும் ஜெல் வெச்சா வலிக்காம என்ன செய்யும்? ரெண்டு வாரம் பொறுத்துத்தான் நிறத்தை முடிவு பண்ணணும்.

நாங்க என்ன செய்வோம்னா, ஈறுக்குத் தடுப்பு போட்டதும் கண்ணாடியைக் கையில கொடுத்து அவங்களையே பார்க்கச் சொல்வோம். ஈறோட இளஞ்சிவப்பு எங்கயாவது எட்டிப் பார்த்தா அங்க இன்னும் கொஞ்சம் தடுப்பு. வேர் தெரியற இடம் இருந்தா அதையும் சேர்த்து மூடிடுவோம். நடுவுல ஈறுல எரிச்சல் தெரிஞ்சா வாயில கருவி இருக்கேன்னு சும்மா இருக்காதீங்க, சைகை காட்டுங்க. முடிஞ்ச பிறகு ஈறுல வெள்ளைத் திட்டு தெரிஞ்சா ஜெல் பட்டிருக்குன்னு அர்த்தம். தண்ணீர்ல நல்லாக் கழுவிடணும். சின்னத் திட்டுன்னா சில நாள்ல ஆறிடும்.

முடிச்சுட்டுக் கிளம்பும் முன்னாடி ஃப்ளோரைடு வார்னிஷோ பொட்டாசியம் ஜெல்லோ வைக்கச் சொல்லிக் கேளுங்க. அன்னிக்கு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர்தான், ரொம்ப சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். புளிப்பு, சோடா பானம் ரெண்டு மூணு நாளைக்கு வேண்டாம். குளிர் காத்துல வாயைத் திறந்துக்கிட்டு நடக்காதீங்க. மென்மையான பிரஷ், அழுத்தம் இல்லாம.

நிலாமுற்றம்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தென்றல் டாக்டர் சொன்னபடி முதலில் பரிசோதனைக்கு மட்டும் போய்வந்தேன். போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இப்போது தெரிகிறது.

கோரைப்பல் ஈறு ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கண்ணாடியில் காட்டினார்கள். அழுத்தித் தேய்த்ததால் வந்ததாம். ஊசி போன்ற கருவியை அதில் லேசாக வைத்ததும் அதே சுரீர். போதாததற்குப் பின்பக்கப் பல் ஒன்றில் பழைய ஃபில்லிங்கின் ஓரம் விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் சரிசெய்யாமல் ஜெல் வைத்தால் அந்த வழியாகவே உள்ளே இறங்கும் என்றார்கள்.

இப்போது குழப்பம் இதுதான். பள்ளத்தை அடைத்துவிட்டு ஒயிட்னிங் செய்யலாம் என்கிறார் டாக்டர். ஆனால் ஃபில்லிங் வெளுக்காது என்று படித்தேன். பல் வெளுத்து, அடைத்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றால்? வலி மாத்திரை பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

பல்மருத்துவர் தென்றல்

நல்ல மருத்துவரிடம்தான் போயிருக்கிறீர்கள். ஃபில்லிங், கேப் எதுவும் வெளுக்காது, சரிதான். அதனால் இப்போது போடுவது தற்காலிகப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் அயனோமர் போன்ற அடைப்புப் பொருள் ஒன்றை வைத்து வழியை அடைப்பார்கள். ஒயிட்னிங் முடிந்து, நிறம் நிலைத்த பிறகு புதிய நிறத்துக்கு ஏற்றதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஒயிட்னிங் முடிந்த உடனே மாற்ற வேண்டாம், இரண்டு வாரமாவது போகட்டும். பல்லில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன், பல் நிற ஃபில்லிங்கில் உள்ள ரெசின் ஒட்டுவதைப் பலவீனமாக்கும், போட்ட ஃபில்லிங் சீக்கிரம் கழன்றுவிடும்.

மாத்திரை. ஐபுப்ரோஃபென் போன்றவற்றை முன்கூட்டியே கொடுத்துப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். கூச்சம் வருவதை அவை நம்பும்படியாகத் தடுப்பதில்லை. சிலருக்கு முதல் சில மணி நேர வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவே. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாகவே எடுக்கக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு: மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், நிறுத்தச் சொல்ல வேண்டிய வலி தாமதமாகத் தெரியக்கூடும்.

படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தள்ளிப்போடுங்கள், அவசரமான சிகிச்சை இல்லை. ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் ஒயிட்னிங்குக்கு உட்காராதீர்கள், அந்தப் பல்லின் நரம்பு செத்திருக்கலாம்.

மழைக்காதலன்

டாக்டர், எந்த வலி சாதாரணம், எந்த வலிக்குத் திரும்பவும் உங்ககிட்ட ஓடி வரணும்? அன்னிக்கு ராத்திரி எனக்குப் பெரிய குழப்பமே அதுதான்.

பல்மருத்துவர் தென்றல்

பல பற்களில் மாறி மாறி வெட்டி, நொடிகளில் நின்று, நாளுக்கு நாள் குறைந்தால் கவலை வேண்டாம். ஒரே பல்லில் மட்டும் தொடர்ந்து வலித்தால், சூடு பட்ட வலி பட்ட பொருளை எடுத்த பிறகும் நிமிடக் கணக்கில் நீடித்தால், கடிக்கும்போது குறிப்பிட்ட இடத்தில் குத்தினால், ராத்திரியில் துடித்து எழுப்பினால், வீக்கம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். அது ஒயிட்னிங் கூச்சம் அல்ல. விரிசலோ சொத்தையோ நரம்பு பாதிப்போ இருக்கும். ட்ரே முறையில் லேசான கூச்சம் அந்தக் காலம் முழுக்க வந்து வந்து போகலாம், நிறுத்தியதும் அடங்கும். நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் அடங்காவிட்டால் அதற்கும் வாருங்கள்.

நிலாமுற்றம்

முடிவு செய்துவிட்டேன். நாளை மறுநாள் பள்ளத்தையும் ஃபில்லிங்கையும் சரிசெய்கிறார்கள். பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் நேற்றே ஆரம்பித்தாயிற்று. ஒரே அமர்வில் செய்வதை விட்டுவிட்டு 10 சதவீத ட்ரே முறைக்கு மாறுகிறேன். டாக்டரும் அதையே விரும்பினார். நான் எதிர்பார்த்த தேதிக்குள் முடியாது, பரவாயில்லை. கருவேலம் ஐயா, மேல், கீழ் இரண்டு ட்ரேயையும் ஒன்றாகவே மாட்டிக்கொள்ளலாமா?

கருவேலம்

வேண்டாம்மா. மேல் வரிசையை முதல்ல முடிங்க. அப்பத்தான் கீழ் வரிசையோட ஒப்பிட்டு எவ்வளவு வெளுத்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். உங்க பல்லு எவ்வளவு தாங்குதுன்னும் அதுக்குள்ள பிடிபட்டுடும். கூசினாலும் ஒரு வரிசைதான் கூசும், இன்னொரு பக்கம் நிம்மதியா இருக்கும். கீழ் வரிசைக்கு வரும்போது டாக்டர் சொன்ன மாதிரி நேரத்தைக் குறைச்சுக்குங்க.

பல்மருத்துவர் தென்றல்

அதேதான். கீழ் வரிசை முடிந்த பிறகும் பேஸ்ட்டை நிறுத்திவிடாதீர்கள், இன்னும் இரண்டு வாரம் தொடரட்டும். பிரஷ்ஷை மென்மையானதாக மாற்றிவிட்டீர்களா? அந்தப் பள்ளம் மறுபடி விழாமல் இருப்பது அதைப் பொறுத்தது.

நிலாமுற்றம்

மாற்றிவிட்டேன் டாக்டர். பேனா பிடிப்பதைப் போல விரல் நுனியில் பிடித்துத் தேய்க்கச் சொன்னார்கள், அப்படிப் பிடித்தால் அழுத்தவே வரவில்லை. மேல் வரிசை முடிந்ததும் இங்கேயே வந்து எழுதுகிறேன்.